மூன்று யூனிட் ரத்தம் எதற்கு? வாய்ப்புற்று அறுவையும் ரத்த இழப்பும்

2024 ஜனவரி 6, ஒரு வாசகரின் கேள்வி

என் சித்தப்பாவுக்கு 58 வயது. நாற்பது வருடமாகப் புகையிலை போடுபவர். இடது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் வந்து, சதைச் சோதனையில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. கன்னச் சதை, கீழ்த்தாடை எலும்பில் ஒரு பகுதி, கழுத்து நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மார்புத் தசையைத் திருப்பிக் கன்னத்தில் வைத்துத் தைப்பார்களாம். பிப்ரவரி 6 அன்று நாள் குறித்திருக்கிறார்கள். எடை 48 கிலோ, ஹீமோகுளோபின் 8.6. மூன்று யூனிட் ரத்தத்துக்கு ஆள் தயார் செய்யச் சொன்னதிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை. லேசரில் செய்தால் ரத்தமே சிந்தாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். லேசர் உள்ள இடத்துக்கு மாற்றிவிடலாமா?

ஜனவரி 6, இரவு

மாற்ற வேண்டாம். ஒரு மாதத்தில் தேதி கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு ஊரில் போய் முதலிலிருந்து வரிசையில் நிற்பதில் போகிற நாட்கள் திரும்பி வராது.

நான் மயக்க மருத்துவர். இருபத்துநான்கு ஆண்டுகளாக இதே வேலை. மற்ற அறுவைகளில் நோயாளியின் தலைமாட்டில் உட்காருவோம். தலை, கழுத்து அறுவை என்றால் தலைமாடு முழுவதும் அறுவை மருத்துவர்களுக்குப் போய்விடும். நாங்கள் இடுப்புப் பக்கம் உட்கார்ந்து, உறிஞ்சு குழாயில் ஓடுகிற நிறத்தைப் பார்த்தே மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். ரத்த இழப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த இடத்திலிருந்து கற்றதுதான்.

லேசர் நல்ல கருவி. குரல்நாணிலும் நாக்கிலும் சிறு கட்டிகளுக்கு அருமையாக வேலை செய்யும். கரியமில வாயு லேசர் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வரையுள்ள நாளங்களைத்தான் அடைக்கும். உங்கள் சித்தப்பாவின் கன்னத்தில் ஓடுவது அந்த அளவு நாளங்கள் அல்ல. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு தாடையின் கீழ் விளிம்பில் விரலை வையுங்கள். புடைத்து நிற்கும் தசைக்குச் சற்று முன்னால் ஒரு துடிப்பு தட்டுப்படும். அது முகத் தமனி. அதைப் போல நாக்குக்கு ஒன்று, தாடை மூட்டுக்குப் பின்னால் ஆழத்தில் ஒன்று, எல்லாம் கழுத்திலிருந்து ஏறுகிற ஒரே பெரிய தமனியின் கிளைகள். இடப்பக்கத்துக் கிளையைக் கட்டினாலும் வலப்பக்கத்துக் கிளை உதட்டின் வழியாக ரத்தத்தை அனுப்பிவிடும். முகத்துக் காயம் சீக்கிரம் ஆறுவதும் இதனால்தான், முகத்தில் கத்தி வைத்தால் கொட்டுவதும் இதனால்தான்.

மூன்று யூனிட் என்பது கையிருப்பு. மூன்றையும் ஏற்றுவார்கள் என்று பொருள் இல்லை. நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்பட வைத்த எண் மூன்று அல்ல, 8.6.

ஜனவரி 7

ஏன் அந்த எண் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

ஆணின் உடலில் கிலோவுக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தம். 48 கிலோவுக்கு 3,360 மில்லி. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போகும்போது ரத்தம் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். 8.6லிருந்து 7க்கு இறங்க எவ்வளவு இழக்கலாம்? 1.6ஐ 8.6ஆல் வகுத்து 3,360ஆல் பெருக்கினால் 625 மில்லி. அதே மனிதர் 11 என்ற அளவோடு மேசையில் படுத்தால்? 1,220 மில்லி. அதே மருத்துவர், அதே கத்தி, அதே காயம். தாங்கும் அளவு மட்டும் இரண்டு மடங்கு.

இந்த வகை அறுவையில் 500 மில்லி என்பது அமைதியாகப் போன நாள். ஆயிரத்தைத் தாண்டிய நாட்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ரத்தத்தைச் சேமிக்கிற முதல் வேலை அறுவை அரங்குக்கு வெளியே, இன்றைக்கே தொடங்க வேண்டியது. இரும்புச் சத்து, பி12, ஃபோலிக் அமிலம் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். என்ன சாப்பிடுகிறார் என்று எழுதுங்கள்.

ஜனவரி 9

வாய் ஒன்றரை விரல் அளவுதான் திறக்கிறது, தேநீரில் நனைத்த பன்னும் கஞ்சியும்தான் இறங்குகிறது, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தேநீர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்பு மாத்திரை இரண்டு மாதமாகக் கொடுத்தும் ஏறவில்லை என்கிறீர்கள். மாத்திரையை எதோடு விழுங்குகிறார்? தேநீரோடுதானே? தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்கு விடாது. அதோடு புற்றுநோய் உள்ள உடல் குடல் வழியாக இரும்பை ஏற்பதையே குறைத்துவிடும். நான்கு வாரம்தான் இருக்கிறது, மாத்திரையை நம்பி உட்கார முடியாது. சிரை வழியாக இரும்பு ஏற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற மருந்தில் 1,000 மில்லிகிராம் வரை ஒரே அமர்வில் போகும். அவருடைய எடைக்கு அளவை அவர்கள் முடிவு செய்வார்கள். பலன் தெரிய மூன்று வாரமாவது வேண்டும் என்பதால் இந்த வாரமே கேட்பது நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று அறுவையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. கட்டி காத்திருக்காது. காத்திருக்கும் நாட்களை வீணாக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

ஜனவரி 10

வேறொருவர் கேட்டது: ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் நிறுத்த வேண்டுமா? ஆஸ்பிரினைப் போலவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பு நிறுத்தப்படும். ஆஸ்பிரின் ஆளைப் பொறுத்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. வலி மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் தெரியாத சூரணமாக இருந்தாலும் காட்டுங்கள்.

ஜனவரி 13

மயக்கவியல் படிக்கும் ஒரு மாணவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார். ரத்த அழுத்தத்தை இறக்கி வைத்தால் ரத்தம் சிந்துவது தானாகக் குறையும், அது உங்கள் துறையின் பெரிய ஆயுதம், அதைச் சொல்லாமல் தேநீரைப் பற்றி எழுதுகிறீர்களே என்கிறார்.

தம்பி, ஆயுதம்தான். நானும் அதைப் பெருமையோடு பயன்படுத்தியவன். சராசரி அழுத்தத்தை 60க்கு இறக்கிவிட்டு, அறுவை மருத்துவர் ‘இன்றைக்குக் களம் உலர்ந்திருக்கிறது’ என்று சொல்வதைக் கேட்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. எனக்கு வேலை கற்றுத் தந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

பிறகு ஒரு பெரியவர் வந்தார். பல வருட ரத்தக் கொதிப்பு. தலையை உயர்த்தி வைத்து, அழுத்தத்தை இறக்கி வைத்து, நான்கு மணி நேரம் ஓட்டினேன். அழுத்தத்தை அளக்கும் பட்டை அவர் கையில் கட்டியிருந்தது. கையில் 60. தலை இதயத்தைவிட 20 சென்டிமீட்டர் உயரத்தில். ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் முக்கால் மில்லிமீட்டர் பாதரசம் குறையும். அப்படியானால் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது 45. அன்றைக்கு இந்தக் கழித்தலை நான் போடவில்லை. அவர் விழிக்க இரண்டு மணி நேரம் ஆனது. மறுநாள் மாலை வரை தன் மகளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் தெளிந்துவிட்டார், நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அந்த ஒன்றரை நாள் நான் வார்டை விட்டு அகலவில்லை.

இன்றும் இளையவர்களுக்கும் திடமான உடலுக்கும் மிதமாக இறக்குவேன். ஆனால் தமனியில் நேரடியாக அளந்து, அளவுகோலின் பூச்சியத்தைக் காது மட்டத்தில் வைத்து, அந்த நோயாளியின் வழக்கமான அழுத்தம் என்ன என்று முன்பே தெரிந்துகொண்டு. ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் கழுத்துத் தமனியில் அடைப்பு உள்ளவருக்கும் அந்த வேலையைச் செய்வதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். களம் உலர்ந்து இருப்பதற்கு அழுத்தத்தைவிடச் சிரைகளின் நிலையே பல நேரம் காரணமாக இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஜனவரி 14, பொங்கலுக்கு முந்தைய இரவு

பல ஆண்டுகளுக்கு முன் மேல்தாடைக் கட்டி ஒன்று. பதினெட்டு வயதுப் பையன். தொட்ட இடமெல்லாம் கசிவு. பீறிடவில்லை, வியர்வைபோல ஊறுகிறது, கறுத்த ரத்தம். அழுத்தம் 80, 85. நாடி சரி. ‘இன்னும் இறக்குங்கள்’ என்றார் அறுவை மருத்துவர். இறக்கினேன். ஊறுவது நிற்கவில்லை. மின்சூட்டால் நாளத்தை அடைக்கும் காட்டரியை வைத்த இடம் கருகுகிறது, பக்கத்தில் ஊறுகிறது.

கறுப்பாக ஊறுகிறது என்றால் சிரை ரத்தம், வடிய வழியில்லாமல் தேங்குகிறது. பச்சைத் துணிக்கு அடியில் டார்ச் விளக்கோடு நுழைந்து பார்த்தேன். மூச்சுக் குழாயைக் கட்டியிருந்த நாடாத் துணி கழுத்தைச் சுற்றி இறுகிக் கிடந்தது. கட்டும்போது அளவாகத்தான் கட்டினேன். தலையைப் பக்கவாட்டில் திருப்பியபோது இறுகிவிட்டது. நாடாவின் இருபுறமும் தோல் பிதுங்கி, கழுத்துச் சிரை விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டுக் குழாயைப் பிளாஸ்திரியால் ஒட்டினேன். மேசையின் தலைப்பக்கத்தைப் பதினைந்து டிகிரி ஏற்றினேன். ஐந்து நிமிடம் இருக்கும். மேலிருந்து, ‘என்ன மருந்து கொடுத்தீர்கள்?’ என்று கேட்டார்.

கழுத்தில் எதையும் கட்டுவதில்லை என்பதை அன்றிலிருந்து மாற்றவில்லை. தலையணை வைத்துக் கழுத்தை மடக்கி உயர்த்தினால் சிரை மடங்கிவிடும். மேசையே சாய வேண்டும். நோயாளி இருமவோ முக்கவோ கூடாது. கரியமில வாயு உடலில் தேங்கினால் நாளங்கள் விரியும், கசிவு கூடும், ஆகவே மூச்சுக் கருவியின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையை அளவுக்கு மேல் உயர்த்துவதிலும் ஆபத்து உண்டு. கழுத்துச் சிரை திறந்த நேரத்தில் காற்று உள்ளே இழுபட்டு இதயத்துக்குப் போய்விடும். பதினைந்திலிருந்து இருபது டிகிரியோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

காசில்லாத வேலைகள் இவை. விலைப்பட்டியலில் இடம்பெறாததால் யாரும் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஜனவரி 17

அட்ரினலின் ஊசி பற்றி: தோலை வெட்டும் கோட்டில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலின் போட்டால் நாளங்கள் சுருங்கும். ஒரு மில்லிக்கு ஐந்து மைக்ரோகிராம். போட்டுவிட்டு ஏழு நிமிடம் காத்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் போட்ட கையோடு கத்தியை எடுத்துவிடுகிறார்கள். அந்தத் தோல் வெளுக்கக்கூட நேரம் கொடுப்பதில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக நிமிடம் சொல்வேன்.

என் பயிற்சிக் காலத்தில் மயக்கத்துக்கு ஹாலோத்தேன் வாயுதான். அதோடு அட்ரினலின் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஊசி உள்ளே போகும்போது எல்லோர் கண்ணும் திரையில் இருக்கும். இப்போதைய வாயுக்களில் அந்தப் பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஜனவரி 18

நேற்று எழுதியதில் திருத்தம். ஜனவரி 13இல் கோபித்துக்கொண்ட அதே மாணவர்தான் காட்டினார், நன்றி. ஏழு நிமிடம் என்பது நான் படித்த காலத்துப் பாடம். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தன்னார்வலர்களின் மேல்கைத் தோலில் ஊசி போட்டு அளந்திருக்கிறார்கள். தோலில் ரத்தம் மிகக் குறைந்த நிலையை அடையச் சராசரியாக 25 நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. முகத் தோல் வேறு, கைத் தோல் வேறு என்று வாதாடலாம். ஆனால் ஏழு நிமிடத்தையே கொடுக்க மாட்டார்கள் என்று அலுத்துக்கொண்ட நான் இருபத்தைந்துக்கு எங்கே போவேன்? யோசித்ததில் ஒரு வழி தெரிகிறது. மயக்கம் கொடுத்தவுடனே ஊசியைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு மருத்துவர்கள் கை கழுவி, மேனி துடைத்து, துணி விரிக்கட்டும். யாருடைய நேரமும் வீணாகாது. அடுத்த வாரம் எங்கள் அரங்கில் கேட்டுப் பார்க்கிறேன்.

ஜனவரி 21

அறுவை அரங்கில் பணிபுரியும் ஒரு சிஸ்டர் எழுதியிருக்கிறார்: ‘எவ்வளவு ரத்தம் போனது என்பதை யாருமே சரியாகச் சொல்வதில்லை. டாக்டர் 300 என்பார், நாங்கள் மூட்டை கட்டுகிற துணியைப் பார்த்தால் 800 இருக்கும்.’

முழுக்கச் சரி. கண்ணளவில் சொல்வது எப்போதும் குறைவாகவே வரும், இழப்பு கூடக் கூட அந்த வித்தியாசமும் கூடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு மூத்த சிஸ்டர் தன் வீட்டுச் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ரத்தம் ஒற்றும் துணியான மாப் ஒவ்வொன்றையும் எடைபோட்டு, உலர்ந்த மாப்பின் எடையைக் கழித்து, சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் எழுதுவார். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்ற கணக்கு. உறிஞ்சு பாட்டிலில் உள்ளதிலிருந்து கழுவ ஊற்றிய உப்புநீரைக் கழிப்பார். ஒரு மாதம் ஆனது. பலகையில் எண் ஏற ஏற, அறுவை மருத்துவர்கள் சிறு நாளத்தையும் விடாமல் பிடித்துக் கட்டத் தொடங்கினார்கள். எவருக்கும் எவரும் அறிவுரை சொல்லவில்லை. எண் கண்ணுக்கு முன்னால் இருந்தது, அவ்வளவுதான். நான் பார்த்த ரத்தச் சேமிப்பு முறைகளில் மிகவும் மதிப்பது அந்தத் தராசை.

சிஸ்டரிடம் ஒன்று: தலை, கழுத்து அறுவையில் ரத்தம் கழுத்துக்குப் பின்னால் வழிந்து தலைக்கு அடியில் உள்ள துணியில் சேரும், முடியில் ஊறும். அந்தத் துணியையும் எடைபோடுங்கள். வாய்க்குள் வழிந்தது வயிற்றுக்குப் போய்விடாமல் தொண்டையில் துணி அடைத்திருப்போம். அதையும் எடைபோடுங்கள், எடுத்தாகிவிட்டது என்று பலகையிலும் எழுதுங்கள். உள்ளேயே மறந்துபோனால் மூச்சே நின்றுவிடும்.

ஜனவரி 23

பேச்சு வழிமாறிப் பழைய காலத்துக்குப் போய்விட்டது, எனக்கும் பிடித்த இடம். கழுத்துக் கழலை (தைராய்டு வீக்கம்) அறுவையை 1850இல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் தடை செய்தது. அவ்வளவு பேர் மேசையிலேயே ரத்தம் போய் இறந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1872இல் பேராசிரியரான தியோடர் கோச்சர் அதே அறுவையை ஆயிரக்கணக்கில் செய்தார். 1912 வாக்கில் அவர் கையில் இறப்பு 0.5 சதவீதத்துக்கும் கீழே. 1909இல் நோபல் பரிசு. மயக்க மருந்து இல்லாத காலத்தில் வேகமே திறமை. நோயாளி கட்டிப்போட்டு அலறும்போது நிதானம் கொடுமையாகிவிடும். மயக்க மருந்து வந்த பிறகும் பலர் பழைய வேகத்திலேயே அறுத்துக்கொண்டிருந்தார்கள். கோச்சர் மெதுவாகச் செய்தார். வெட்டுவதற்கு முன் நாளத்தைப் பிடித்தார், கட்டினார், பிறகு வெட்டினார். இன்றும் எங்கள் தட்டில் அவர் பெயரில் ஒரு கவ்வி உண்டு.

காட்டரி வந்தது பிறகு. பாஸ்டனில் 1926 அக்டோபர் 1 அன்று ஹார்வி குஷிங், போவி என்ற இயற்பியலாளர் செய்த மின்கருவியைக் கொண்டு ஒரு மண்டையோட்டுக் கட்டியை எடுத்தார். சில நாட்களுக்கு முன் அதே கட்டியை ரத்தம் நிற்காததால் பாதியில் கைவிட்டிருந்தார். முடியாது என்று மூடிய தலையைத் திரும்பத் திறக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஜனவரி 27

டிரானெக்சாமிக் அமிலம் பற்றி ஏன் எழுதவில்லை என்று நான்கைந்து பேர். வருகிறேன்.

ரத்தம் உறைந்ததும் உடலே அந்த உறைவைக் கரைக்கவும் தொடங்கும். அந்தக் கரைப்பைத் தடுப்பது இந்த மருந்து. ஜப்பானில் உத்தாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962இல் வெளியிட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்தவர் அந்த அம்மையார். ஆய்வுக்கு ரத்தம் போதாவிட்டால் தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொண்டார்கள். 2010இல் வேறு ஆய்வாளர்கள் 20,211 விபத்து நோயாளிகளிடம் சோதித்து உயிரிழப்பு குறைவதைக் காட்டினார்கள். இதய அறுவை அல்லாத மற்ற அறுவைகளில் 9,535 பேரைக் கொண்ட ஆய்வு 2022இல் வந்தது. கவலைக்குரிய ரத்தப்போக்கு மருந்து பெற்றவர்களில் 9.1 சதவீதம், பெறாதவர்களில் 11.7 சதவீதம்.

நல்ல மருந்து, மலிவான மருந்து, நானும் கொடுக்கிறேன். ஆனால் அந்த எண்களைப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டரை பேருக்கு உதவுகிறது. கட்டாமல் விட்ட தமனியை அது கட்டாது, இறுகிய நாடாவை அது அவிழ்க்காது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். வலிப்பு உள்ளவர்களிடம் எச்சரிக்கை. படிக்கும் இளையவர்களே, இதன் கண்ணாடிக் குப்பியும் முதுகுத்தண்டில் போடும் மருந்தின் குப்பியும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்து, மாற்றிப் போட்டு உயிர்கள் போயிருக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஜனவரி 28

விட்டுப்போனது: உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது மந்தமாகும். ஒரு டிகிரிக்கும் குறைவாக உடல் வெப்பம் இறங்கினாலே இழப்பு ஏறக்குறைய 16 சதவீதம் கூடுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மணி நேர அறுவை, 48 கிலோ மெலிந்த உடல், குளிரூட்டிய அறை. காலிலிருந்து மார்பு வரை வெதுவெதுப்பான காற்றுப் போர்வை போடுவேன். ஏற்றும் திரவங்களையும் சூடாக்கித்தான் ஏற்றுவேன்.

பிப்ரவரி 3

ஹீமோகுளோபின் 10.1! கடிதத்தைப் படித்ததும் வீட்டில் சத்தமாகச் சொன்னேன். கணக்கைத் திரும்பப் போடுகிறேன்: 3.1ஐ 10.1ஆல் வகுத்து 3,360ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,030 மில்லி. நான்கு வாரத்தில் 400 மில்லி சம்பாதித்துவிட்டீர்கள். ஒரு பொட்டலம் ரத்தத்துக்குச் சமம்.

மேசையில் என்ன நடக்கும் என்று உங்கள் தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு இடங்களைச் சொல்கிறேன். தாடை எலும்பை அறுத்து வெளியே திருப்பும்போது அதன் பின்னால் ஆழத்தில் ஒரு தமனியும் வலைபோலப் பின்னிய சிரைகளும் இருக்கும். எலும்பை இழுத்த பிறகு தேடினால் கிணற்றுக்குள் தேடுவதுபோல. அனுபவமுள்ளவர்கள் அந்தத் தமனியை முன்னதாகவே கண்டுபிடித்துக் கட்டிவிட்டுத்தான் எலும்பை விடுவிப்பார்கள். இன்னொன்று நாக்கை அசைக்கும் நரம்பின் மேல் படர்ந்த மெல்லிய சிரைகள். கிழிந்தால் நொடியில் குளமாகும். பதற்றத்தில் கவ்வியை உள்ளே விட்டால் நரம்பும் சேர்ந்து நசுங்கும், பிறகு நாக்கு ஒரு பக்கம் அசையாது. ஒரு மூத்த அறுவை மருத்துவர் அங்கே ரத்தம் வந்தால் விரலை வைத்து அழுத்திவிட்டுப் பேசாமல் நிற்பார். மூன்று நிமிடம், நான்கு நிமிடம். உதவியாளர்கள் நெளிவார்கள். பிறகு விரலை மெல்ல எடுத்து, உப்புநீர் ஊற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கட்டுவார்.

மூடுவதற்கு முன் எங்கள் முறை. அழுத்தத்தை வழக்கமான அளவுக்குக் கொண்டுவந்து, தலையைத் தாழ்த்தி, நுரையீரலைச் சில நொடி விரித்துப் பிடிப்போம். கழுத்துச் சிரைகள் நிரம்பும். எங்கே கட்டுத் தளர்ந்திருக்கிறதோ அங்கே அப்போதே தெரியும். இரவு பத்து மணிக்கு வார்டில் தெரிவதைவிட நல்லது.

பிப்ரவரி 9

ஏழரை மணி நேரம், உள்ளே ஒரு யூனிட்கூட ஏற்றவில்லை, மறுநாள் காலை 7.2 வந்து, நெஞ்சுப் படபடப்பும் இருந்ததால் ஒரு யூனிட் ஏற்றினார்கள். இவ்வளவு பாடுபட்டும் தோற்றுவிட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. 7க்குக் கீழே போனால்தான் ஏற்றுவது என்ற நடைமுறை 10க்குக் கீழே போனாலே ஏற்றுவதைவிட மோசமில்லை என்று 1999இல் கனடாவில் 838 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. அது கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதற்கான கோடு அல்ல. 7.2, வேகமான நாடி, படபடப்பு, 58 வயது இதயம்: நானாக இருந்தாலும் ஏற்றியிருப்பேன். தேவைப்பட்டபோது ரத்தம் இருந்தது, தேவையில்லாத இரண்டு யூனிட் வங்கியில் வேறு யாருக்கோ காத்திருக்கிறது. ஜனவரியில் இருந்த 8.6ஓடு போயிருந்தால் மூன்றும் போதாமல்கூட இருந்திருக்கும்.

கழுத்திலும் மார்பிலும் உள்ள வடிகுழாய் டப்பாக்களில் எத்தனை மில்லி, என்ன நிறம் என்று தினமும் குறித்துக்கொள்ளுங்கள். சுருங்கிய டப்பா விரிந்துபோயிருந்தால் உறிஞ்சவில்லை என்று பொருள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

பிப்ரவரி 11

கழலை அறுவை முடிந்த இரவில் தன் மனைவியின் கழுத்து வீங்கி மூச்சுத் திணறியதாகவும், வார்டிலேயே தையலைப் பிரித்தார்கள் என்றும், அது தவறான சிகிச்சையா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஐயா, அவர்கள் உங்கள் மனைவியைக் காப்பாற்றினார்கள். கழுத்துக்குள் ரத்தம் சேர்ந்தால் ஆபத்து ரத்தம் குறைவதால் வருவதில்லை. சேர்ந்த ரத்தம் சிரைகளை நசுக்கி, குரல்வளை வீங்கி, மூச்சுப் பாதை அடைந்துவிடும். நான் பயிற்சியில் இருந்தபோது இரவு இரண்டு மணிக்கு அப்படி ஒரு பெண். கழுத்து பந்துபோல. அரங்குக்குக் கொண்டுபோய் முறைப்படி திறக்கலாம் என்று தள்ளுவண்டி தேடி ஓடினோம். லிஃப்ட் கீழே நின்றுகொண்டிருந்தது. லிஃப்டுக்குள்ளேயே உதடு நீலமாகிவிட்டது. எங்களோடு வந்த வார்டு சிஸ்டர் கத்தரியை என் கையில் திணித்து, ‘வெட்டுங்கள் சார்’ என்றார். தோல் தையலை வெட்டினேன், உள்தையலை வெட்டினேன், கட்டியாக உறைந்த ரத்தம் கையில் வந்து விழுந்தது. அந்தப் பெண் இழுத்த முதல் மூச்சின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் பிழைத்தார்.

இங்கிலாந்தில் 2022இல் வெளியான வழிகாட்டுதல் அதையே படிகளாக எழுதிவைத்திருக்கிறது: கழுத்தைத் திறந்து பார், தையலை வெட்டு, தோலைத் திற, தசையைத் திற, துணி வை. கட்டில் பக்கத்திலேயே. கழலை அறுவை முடிந்த ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் ஒரு தையல் கத்தரி இருக்கிறதா என்று உறவினர்களே கேளுங்கள்.

பிப்ரவரி 12

அட்ரினலின் பற்றிய பின்குறிப்பு. மயக்கம் கொடுத்ததும் ஊசி போடும் முறையை எங்கள் அரங்கில் மூன்று நோயாளிகளிடம் செய்து பார்த்தோம். மூன்று பேரை வைத்து எதையும் சொல்லக் கூடாது. தோல் வெளுத்த சுண்ணாம்புபோல இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிப்ரவரி 25

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், முதலில் கேட்டது தேநீர் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுங்கள், ஆற வைத்து, கரண்டியால், ஆரோக்கியமான வலப்பக்கமாக. ஹீமோகுளோபின் 9.4 என்கிறீர்கள். கதிர்வீச்சு தொடங்குவதற்குள் இன்னும் ஏற வேண்டும். இரும்பு சிரப்பைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேநீர். புகையிலைப் பொட்டலம் சட்டைப் பையில் இன்னும் இருக்கிறதா என்று சித்தியிடம் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.